ஏழாம் நம்பரில் உள்ளே இருப்பவர்கள்

செருப்பு இடம் மாறியிருந்தது.

காலையில் வந்ததும் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் கிடக்கும் மிதியடியின் நட்டநடுவில்தான் பாண்டிச்செல்வி செருப்பைக் கழற்றிப் போட்டாள். தினமும் அப்படித்தான் போடுவாள், ஏனென்றால் அந்த ரூமுக்குள் போக அவளை விட்டால் ஆள் கிடையாது. இப்போது தண்ணீர் குடிக்க வெளியே வந்து பார்த்தால், செருப்பு இரண்டும் மிதியடியின் ஓரத்தில் சுவரை ஒட்டி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. இன்னும் நாலு பேர் செருப்பு விட இடம் வேண்டும் என்று யாரோ ஒதுக்கி வைத்த மாதிரி. பெருக்க வரும் மாடத்தி இன்றைக்கு லீவு. முன்னால் ஹாலில் உட்கார்ந்திருக்கும் கணக்கர்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள்.

"எந்தக் கழுத எத்திவிட்டுச்சோ" என்று முணுமுணுத்துக்கொண்டே காலால் செருப்பை மறுபடி நடுவுக்கு இழுத்தாள். அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. சர்வர் காலையிலிருந்து விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

விருதுநகர் பைபாஸை ஒட்டிய அந்த ஆபீஸ், சங்கரலிங்கம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ். பட்டாசு செய்கிற பேக்டரி சிவகாசிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் தள்ளி இருந்தது. ஆபீஸின் பின்கட்டில் முன்பு லேபிள் கட்டுகளை அடுக்கிவைத்திருந்த குடோனைத்தான் கம்ப்யூட்டர் ரூம் ஆக்கியிருந்தார்கள். ஜன்னல் இல்லை. பழைய பசை வாடையும் மை வாடையும் சுவருக்குள் இறங்கி, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் போகாமல் இருந்தன. ஏசி மட்டும் உசத்தி ஏசி. அதுவும் சர்வருக்காக வாங்கியது, அவளுக்காக அல்ல. தரையில் விரித்திருந்தது பச்சை ரப்பர் விரிப்பு. பேக்டரியில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் ஷெட்டுகளுக்கு வாங்கியதில் மிஞ்சியது, முதலாளிக்குத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

அம்மா மாரித்தாய் ஒருநாள் மதியச் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்தவள், இந்த விரிப்பைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கதவு நிலைக்குப் பக்கத்தில் கையால் எதையோ தடவித் தேடினாள். ஷெட்டுக்குள் போகுமுன் தொடவேண்டிய செம்புத் தகடு. உடம்பில் இருக்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் விரல் நுனியின் ஒரு பொறி போதும். பதினெட்டு வருஷப் பழக்கம். தகடு இல்லை என்று தெரிந்ததும் தன்னைப் பார்த்தே சிரித்தாள். அப்புறம் ஏசிக்கு நேர் கீழே போய் நின்று, சிவப்புப் பிளாஸ்டிக் வளையல் போட்ட இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டி, "ஏத்தா, இங்கன எம்புட்டுக் குளுமையா இருக்கு" என்றாள்.

பாண்டிச்செல்வி இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு முகத்துக்காகத்தான். இந்தச் சம்பளம் வரும்வரைதான் அம்மா வீட்டில் இருப்பாள். வேலை போனால் அடுத்த திங்கட்கிழமை விடியும்போது மல்லாங்கிணறு ரோட்டில் பேக்டரி வேனுக்கு நிற்பாள். யார் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

அந்த வேனில்தான் ஏழாம் நம்பர் ஷெட்டின் மூன்று பேரும் போனார்கள். பொன்னுத்தங்கம், செல்லக்கனி, பத்திரகாளி. ஒரு ஷெட்டுக்கு நாலு பேர் என்பது சட்டம், நாலாவது ஆள் மாரித்தாய். போன பங்குனியில் மகளுக்கு வேலை கிடைத்ததென்று அம்மா இருக்கன்குடி கோயிலுக்குப் போன அன்று, ஷெட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மதியத்துக்குமேல் அந்த ஷெட்டே இல்லை. அன்று ராத்திரி மகள் அம்மாவின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள், இனிமேல் ஷெட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று.

சத்தியம் காப்பாற்றப்பட வேண்டுமானால் சர்வர் ஓட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவள் திரும்பிவந்து உட்கார்ந்தாள். சர்வர் என்றால் ஒரு பெரிய பெட்டி, நாள் முழுக்க ஊதிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு வெப் பக்கங்கள் ஓடின. ஒன்றில் ஊர் ஊராக டீலர்கள் தீபாவளி ஆர்டர் போட்டார்கள். இன்னொன்று பேக்டரி கேட்டுக்கு. கேட்டில் இருக்கும் சங்கையா, ஆள் ஷெட்டுக்குப் போகும்போது 'உள்ளே' என்று தட்டுவார், வரும்போது 'வெளியே'. ஷெட்டில் இடம் இருக்கிறது என்று பக்கம் சொன்னால்தான் ஆள் போகலாம். இந்த இரண்டையும் மதுரைக்காரன் ஒருவன் பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு, கூப்பிட்டால் போனை எடுக்காமல் நிம்மதியாக இருந்தான்.

சர்வர் தனியாக வேலை செய்வதில்லை. அதற்குள் தாய் நிரல் ஒன்று இருக்கும், அது பிள்ளைகளைப் பிறப்பித்துவிடும். வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டு போய்ப் பதில் சொல்லும். காலையிலிருந்து அந்தப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. அந்த மொழியை ஓட்டுகிற பி.எச்.பி. மாட்யூலுக்குள் போகிறது, சாகிறது. தாய் ஒரே ஒரு வரி எழுதுகிறது: பிள்ளை முடிந்தது, செக்மென்டேஷன் பால்ட். தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். எழுதிவிட்டு உடனே இன்னொன்றைப் பெற்று அதே இடத்தில் உட்கார வைக்கிறது. எதற்காகச் செத்தது, யார் கேட்டதற்குப் பதில் சொல்லப்போய்ச் செத்தது, ஒன்றும் கிடையாது. வேலை முடிந்தால்தான் வருகைப் பதிவில் வரி விழும். பாதியில் செத்தவனுக்குப் பதிவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள்தான் மாட்யூலைப் புதுசாக்கினாள். அதுதான் சனியன் என்று காலையில் பழையதை எடுத்து மாட்டினாள். செத்தது. வேகத்துக்காகச் சேர்த்திருந்த துணை மாட்யூலைக் கழற்றினாள். செத்தது. சர்வரையே அணைத்துப் போட்டாள். எழுந்தது, கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு திரையில் அந்த வரி விழ ஆரம்பித்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக. டீலர்கள் பக்கமும் சேர்ந்து படுத்துவிட்டது.

கதவை யாரோ ஓங்கித் தட்டினார்கள். சின்ன முதலாளி சரவணக்குமார். ஷூவைக் கழற்ற வேண்டும் என்பதால் அவன் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை; வாசலில் நின்றே கத்துவான்.

"என்னம்மா, இன்னுமா பாத்துக்கிட்டு இருக்க? டீலரு பூரா போனப் போட்டு என்னைய வையிறான்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். எந்த ரிக்வெஸ்ட்டுல விழுதுன்னு பிடிச்சிட்டா..."

"சாயந்தரம் செட்டச் சோதிக்க ஆபீசர் வாராரு. ஏளாம் நம்பரைப் புதுசாக் கட்டி இன்னைக்குத்தான் தொறக்கிறோம், அங்கன ஆளப் போடமுடியாம லோடு நிக்குது. கேட்டுல கேட்டா பக்கம் வரலைங்கான். ஒனக்குத் தெரியலேன்னா சொல்லிரு, மதுரையில இருந்து ஆள வரச் சொல்லுறேன். நீ ஒங்க ஆத்தா கூடப் போயி மருந்து செலுத்து."

கதவைச் சாத்தாமல் போய்விட்டான். கதவின் மேலே மாட்டியிருந்த தாங்கி அதைப் பிடித்து மெதுவாக இழுத்து, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு மூடியது. பாண்டிச்செல்விக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "நாசமாப் போறவன்" என்று வாய்விட்டே சொன்னாள். சொன்னதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பிறகுதான் அந்த யோசனை தோன்றியது. கோரிக்கை வரும்போதே ஒரு கூட்டல் குறி, முடிந்து போகும்போது ஒரு கழித்தல் குறி போட்டு எழுதி வைக்கிற மாட்யூல் ஒன்று சர்வரோடு உண்டு. அதைப் போட்டுவிட்டால் கூட்டல் விழுந்து கழித்தல் விழாதது எதுவோ அதுதான் கொலைகாரன். போட்டாள். சர்வரை எழுப்பினாள். காத்திருந்தாள்.

கூட்டல், கழித்தல். கூட்டல், கழித்தல். கூட்டல்.

கூட்டல்.

கூட்டல்.

எல்லாம் ஒரே கேள்வி, கேட்டிலிருந்து. பக்கம் பதில் வராவிட்டால் தானாகவே திரும்பத் திரும்பக் கேட்கும்படி மதுரைக்காரன் எழுதியிருந்தான். ஏழாம் நம்பரில் உள்ளே எத்தனை பேர்?

அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மதுரைக்காரன் எழுதியதைத் திறந்து படித்ததும் விளங்கிவிட்டது. இன்றைக்கு உள்ளே போனவரை அப்படியே எண்ணிக்கொள்ளும். பழைய நாளில் உள்ளே போய் 'வெளியே' விழாதவர் என்றால், மறந்திருப்பார்கள் என்று மறுநாளில் தேடும். அங்கே இல்லையென்றால் தன்னையே கூப்பிட்டு அதற்கு மறுநாளில் தேடச் சொல்லும். அதற்கும் மறுநாள். எங்கே நிறுத்தவேண்டும் என்று அவன் எழுதவில்லை. இன்றைய தேதியையும் தாண்டி, இன்னும் வராத வருஷங்களுக்குள் போய், அவர்கள் வெளியே வந்தார்களா வந்தார்களா என்று ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கிக்கொண்டே போகும், மூச்சுமுட்டிச் சாகிறவரை. அந்த மாட்யூலுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது.

யாரைத் தேடுகிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்த்தாள். பொன்னுத்தங்கம், உள்ளே. செல்லக்கனி, உள்ளே. பத்திரகாளி, உள்ளே.

பங்குனியிலிருந்து ஏழாம் நம்பரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவள் மேஜையிலிருந்த போனை எடுத்து, பேக்டரி கேட்டுக்குப் போட்டாள்.

"சங்கையாண்ணே, செல்வி பேசுறேன். அந்த மூணு பேருக்கும் நீங்க வெளியேன்னு போடலையா?"

"போடமாட்டோம் தாயி."

"மறந்துட்டீகளா?"

"மறக்கல. செட்டுல செத்துப் போனவுகளுக்கு வெளியேன்னு போடுறதில்ல. நோட்டு இருந்த காலத்துலயும் போடுறதில்ல, எந்தப் பேக்டரியிலயும் போடமாட்டாக. அவுக செருப்பக்கூட வாசலவிட்டு எடுக்கமாட்டோம், மழையில மக்கிப் போற வரைக்கும் அங்கனயேதான் கெடக்கும். உள்ள போனவுக உள்ளயே இருக்கட்டும்னு விட்டுருவோம். வெளியேன்னு சொல்லிட்டா கெளம்பிருவாகல்ல."

"எங்கண்ணே கெளம்புவாக?"

"அது எனக்கென்ன தெரியும். நீ அதுல கைய வைக்காத."

அவளுக்குச் சுறுசுறுவென்று வந்தது. ஆள் ஆளுக்கு ஒரு கூத்து. ஒருத்தன் நிறுத்தத் தெரியாமல் எழுதிவைப்பான், இன்னொருத்தர் பேய்க்குப் பயந்து பட்டனைத் தட்டமாட்டார், நடுவில் கிடந்து சாவது இவள். "கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே" என்று போனை வைத்தாள்.

எழுதியதைத் திருத்தலாம், ஒரு வரி போதும். ஆனால் திருத்தினால் பக்கம் ஒழுங்காக எண்ணி, ஏழாம் நம்பரில் உள்ளே மூன்று பேர் என்று காட்டும். சாயந்தரம் ஆபீசர் அதைப் பார்ப்பார். சரவணக்குமாரிடம் போனில் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. "செத்தவளுகள எதுக்கும்மா உள்ள வச்சிருக்க? வெளிய தள்ளு."

வெளிய தள்ளு. சரி.

பொன்னுத்தங்கத்தின் பெயருக்கு நேரே போனாள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு, வேன் வரும்வரை அவர்கள் வீட்டு வாசலில் நின்று கதை பேசும் சித்தி. அலுமினியப் பவுடர் ஏறிய கை எத்தனை கழுவினாலும் வெள்ளிபோல் மினுங்கும். அந்தக் கையால் இவள் கன்னத்தைக் கிள்ளினால் கன்னமும் மினுங்கும். தேதி, நேரம், வெளியே. தட்டினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் சளக் என்று ஒரு சத்தம்.

செல்லக்கனி. வெளியே.

சளக்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியே இருந்தது. யாரோ வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிற சத்தம் அது, சந்தேகமே இல்லை; குதிகாலிலிருந்து ரப்பர் பிரிந்து தரையில் விழும் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். "யாரு? வாங்க" என்றாள். ஆபீசர் வந்துவிட்டாரோ என்ற அவசரத்தில் மூன்றாவது பெயரையும் தட்டினாள். பத்திரகாளி. வெளியே.

சளக்.

கதவு திறந்தது. ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து, நின்று, இன்னும் கொஞ்சம் திறந்து, பிறகு மேலே இருந்த தாங்கி பெருமூச்சு விட்டபடி அதை மூடியது. யாரும் வரவில்லை. நடைபாதையில் காற்று என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலே இல்லாத நடைபாதை அது என்பதை அப்போது நினைக்காமல் இருக்கவே விரும்பினாள்.

திரையில் பிள்ளைகள் சாவது நின்றிருந்தது. கூட்டல், கழித்தல். கூட்டல், கழித்தல். ஏழாம் நம்பர், உள்ளே: யாரும் இல்லை. ஹாலிலிருந்து சரவணக்குமார் யாரிடமோ "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்துவது கேட்டது. பாண்டிச்செல்வி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, இருக்கன்குடி மாரியை ஒருமுறை நினைத்துக்கொண்டாள். வேலை தப்பித்தது. அம்மா தப்பித்தாள்.

கண்ணை மூடியிருந்தபோதுதான் வெக்கை தெரிந்தது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மாறவில்லை. ஆனால் அங்கிருந்து வந்த காற்று, அடுப்படியில் குனிந்து ஊதும்போது முகத்தில் அடிக்கும் காற்றாக இருந்தது. கூடவே ஒரு வாடை, தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் கிடக்கும் காகிதக் குப்பையின் வாடை, கந்தகமும் ஈரமும் கலந்தது. அதை இந்த ஊரில் யாரும் வாடை என்றே சொல்லமாட்டார்கள், அது எல்லார் சட்டையிலும் இருப்பது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. முடி பொசுங்கிய வாடை.

கண்ணைத் திறந்தாள்.

பச்சை ரப்பர் விரிப்பில் வெள்ளி வெள்ளியாக ஏதோ பூசியிருந்தது. கதவிலிருந்து தொடங்கி, அவள் நாற்காலிக்குப் பின்னால் உரசிக்கொண்டு போய், எதிர்ச் சுவர் வரைக்கும். கால் தடங்கள். வெறுங்கால். விரல் விரலாகத் தெரிந்தது. ஏசிக்கு நேர் கீழே தடங்கள் முடிந்திருந்தன. மூன்று ஜோடி. பக்கத்தில் பக்கத்தில். விரல்கள் சுவரைப் பார்த்திருந்தன.

அங்கே யாரும் இல்லை.

அங்கே காலியாகவும் இல்லை. காற்று அந்த இடத்தில் தடித்துப்போய் நின்றது, வெயிலில் தார் ரோட்டுக்குமேல் நிற்குமே, அப்படி.

அவள் எழுந்தாள். நாற்காலி சத்தம் போடாமல் எழுந்தாள். சுவரை ஒட்டி, முதுகைத் திருப்பாமல், கதவை நோக்கி நகர்ந்தாள். கைப்பிடியைத் தொட்டதும் சுள்ளென்று பொறி அடித்தது. கதவைத் திறந்தாள்.

அவள் செருப்பு மறுபடியும் ஓரத்துக்குப் போயிருந்தது. நடுவில் மூன்று ஜோடி. ஒன்றின் வார் உருகி அடியோடு ஒட்டியிருந்தது. ஒன்றில் குதிகால் பகுதி இல்லை. மூன்றாவது முழுசாக இருந்தது, மண்ணும் கரியும் மட்டும் படிந்து, மழையில் ஊறி வெளுத்து. மூன்றும் ஒட்டியொட்டி இருக்கவில்லை. இரண்டு அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். இடையில் ஒரு ஜோடிக்கு இடம் விட்டிருந்தது.

ஓடிவிடலாம். ஹாலில் ஆட்கள் இருக்கிறார்கள், வெளிச்சம் இருக்கிறது, ரோட்டில் பஸ் போகிறது. ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தும்விட்டாள். அப்போதுதான் எதற்கோ திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழாம் நம்பர், உள்ளே: ஒருவர். மாரித்தாய்.

அவள் அதை மூன்று முறை படித்தாள். வேறு மாரித்தாயாக இருக்கலாம். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு மாரித்தாய் உண்டு. நேற்று ராத்திரி அம்மாவின் நீல வார் செருப்பு அறுந்துபோய், இவள்தான் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தாள். எங்கேயும் போகாதவளுக்கு இம்புட்டு அவசரமா என்று கேலிகூடச் செய்தாள். அம்மா சிரிக்கவில்லை.

போன் உள்ளே மேஜையில் இருந்தது. ஏசிக்கு இரண்டு எட்டுத் தள்ளி.

அவள் உள்ளே போனாள். சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. வெக்கையில் இடதுபக்கக் கன்னம் காந்தியது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அவளுடையது இல்லை. கேட்டின் எண்ணைத் தட்டினாள்.

"அண்ணே, ஏளாம் நம்பருல யாரு?"

"ஒங்காத்தாதான் தாயி. ஒனக்குத் தெரியாதா?" சங்கையாவின் குரலில் சங்கடம். "அந்தச் செட்டுக்குள்ள போகமாட்டேன்னு பொம்பளைக பூரா உக்காந்துட்டாளுக. சின்ன முதலாளி நேத்தே வீட்டுக்குச் சொல்லிவிட்டு, காலையில வேன் அனுப்பி அழைச்சாந்துட்டாக. இன்னைக்கு ஒருநா வந்து செட்டத் தொறந்து குடு, இல்லேன்னா ஒம்மக வேல இருக்காதுன்னு சொன்னாகளாம். பக்கம் வரலைன்னு மத்தியானம் வரைக்கும் எங்கூடத்தான் உக்காந்திருந்தாக. இப்பத்தான் வந்துச்சு, போனாக."

"கூப்பிடுங்க. வெளிய கூப்பிடுங்கண்ணே. இப்பவே."

"என்னாச்சு?"

"கூப்பிடுங்கண்ணே!"

ரிசீவரை மேஜையில் வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. கரிசல் காட்டுக் காற்று போனுக்குள் உய்யென்றது. எங்கோ காக்கை. தூரத்தில் சங்கையாவின் குரல், "மாரித்தாயக்கோ... யக்கோ..." என்று. அதற்குப் பதில் ஒரு பெண் குரல், "ஏன்ணே?" அம்மாதான். வேலை நடுவில் கூப்பிட்டால் வருகிற அந்தச் சலிப்பு. "இந்தா வாரேன்."

லைன் செத்தது.

வெடிச் சத்தம் கேட்கவில்லை. இருபது கிலோமீட்டருக்கு எப்படிக் கேட்கும். ரிசீவரில் காற்றும் இல்லை, காக்கையும் இல்லை. அவள் "எம்மா" என்றாள்.

ஹாலில் ஒரு போன் அடித்தது. யாரும் எடுக்குமுன் இன்னொன்று. பிறகு மாடியில். பிறகு சரவணக்குமாரின் செல்போன். எல்லாம் ஒன்றாக. இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் எல்லாப் போனும் ஒன்றாக அடித்தால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓடுகிற கால்கள். ஒருவன் "எத்தனாம் நம்பரு, எத்தனாம் நம்பரு" என்று கேட்டுக்கொண்டே ஓடினான்.

சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

ஏழாம் நம்பர், உள்ளே: ஒருவர். மாரித்தாய்.

மறுபடியும்.

ஏழாம் நம்பர், உள்ளே: ஒருவர்.

உள்ளே. அந்தத் தீக்குள்ளே. தனியாக.

அவளுக்குத் தெரியும். மூன்று பேருக்குத் தட்டியபோது என்ன வந்தது என்று தெரியும். சங்கையா சொன்னது காதில் இருந்தது. உள்ளயே இருக்கட்டும்னு விட்டுருவோம். விட்டுவிடலாம். எழுந்து போய்விடலாம்.

விரல்கள் போய்விட்டன. அம்மாவின் பெயருக்கு நேரே. தேதி. நேரம்.

"வந்துரும்மா" என்றாள். "வெளிய வந்துரு."

தட்டினாள்.

ஏழாம் நம்பர், உள்ளே: யாரும் இல்லை.

ஹாலில் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம், சளக். கொஞ்சம் பொறுத்து, நூல் தைத்த இன்னொரு செருப்பைப் பக்குவமாகக் கழற்றிவைக்கிற சத்தம். கதவு திறந்தது. பெருமூச்சோடு மூடியது. நிலைக்குப் பக்கத்தில், சுவரில், ஒரு கை எதையோ தடவித் தேடியது. உரசும் சத்தம். தேடியது. தகடு இல்லை.

சின்னதாக ஒரு சிரிப்பு.

ரப்பர் விரிப்பு அமுங்கும் ஓசை நெருங்கிவந்தது. ஏசிப் பக்கம் மூன்று ஜோடித் தடங்களும் ஒருக்களித்து, நாலாவது ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்தன. பாண்டிச்செல்வி திரும்பவில்லை. கழுத்துக்குப் பின்னால் வெக்கை வந்து நின்றது. அவள் தோளுக்கு மேலாக இரண்டு கைகள் குளிருக்காக நீண்டன. சிவப்புப் பிளாஸ்டிக் வளையல்கள் உருகி மணிக்கட்டின் எலும்போடு ஒட்டியிருந்தன. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

"ஏத்தா" என்றது அம்மாவின் குரல், காதோரம். "இங்கன எம்புட்டுக் குளுமையா இருக்கு."